உப்புப் பார்த்தல்

பதினான்காம் நிலை முடிந்ததும்
முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு
எல்லாரும் ஒரே பக்கம்தான் திரும்பினோம்.
மனாமாவின் அந்தக் குறுகிய தெருவில்
தையல் கடைக்கும் சிம் கார்டு கடைக்கும் நடுவே
முகுதூமின் அடுப்பு.

ரமலான் நோன்பும் தவக்காலமும்
ஒன்றன்மேல் ஒன்று விழுந்த வருடம்.
பகலெல்லாம் ஷட்டர் இறங்கியிருக்கும்.
உள்ளே மீன்
மிளகாயும் மஞ்சளும் பூசிக்கொண்டு
எங்களைப் போலவே பாங்குக்குக் காத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது.
மணப்பாட்டுக்காரிக்கு இது சட்டமா, சலுகையா?
கோழியை விடு என்றால்
நெய்மீனைப் பிடித்துக்கொள்கிற ஜனம் நாங்கள்.
"இதிலே ஒறுத்தல் எங்கே இருக்கு?"
கேட்டது வரிசையில் நின்ற கோவாக்காரர்,
கையில் மூன்று துண்டுக்கு டோக்கன்.

ததேயு மட்டும் அதை மனசில் போட்டுக்கொண்டான்.
சாரம் கட்டுகிறவன்.
முப்பதாவது மாடியில் பெல்ட்டை மாட்டும்போது
தோன்றியதாம்:
ஈஸ்டர் வரை மீனைத் தொடுவதில்லை.
அதற்காக வராமலும் இல்லை.
வெள்ளிதோறும் எங்களோடு வந்து
பருப்பு வடைக்குச் சொல்லிவிட்டு
புகை வராத பக்கமாய் நிற்பான்.
புகை
அவனைத்தான் தேடிப் போகும்.

இன்றைக்குக் கிடைத்தது ஓரா.
இங்கே அதற்கு சாஃபி என்று பேர்.
முகுதூமுக்குக் காயல்பட்டினம், அதனால் அவருக்கும் ஓரா.
முள் ஏறினால் கடுக்கிற கடுப்புக்கு
எந்தப் பேரும் ஒன்றுதான்.

மேரி க்ரேஸ், என் வார்டுக்காரி,
பையிலிருந்து வினிகர் பாட்டிலை எடுத்தாள்.
எலுமிச்சை போதும் என்று
நாலு வெள்ளியாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
அவளும் நாலு வெள்ளியாய்
கேட்காதவள் மாதிரி மூடியைத் திருகுகிறாள்.

பாங்குக்கு இன்னும் எட்டு நிமிடம்.
ஷட்டர் முழங்கால் அளவுக்கு உயர்ந்தது.
முகுதூமின் குரல், காய்ந்த குரல்:
"யாராவது ஒருத்தர் உள்ளே வாங்க.
உப்புப் பார்க்கணும்.
நான் நாக்குல வைக்கக் கூடாது."

ஷட்டருக்குப் பக்கத்தில் நின்றது ததேயு.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் வினிகர் பாட்டிலைப் பார்த்தேன்.
குனிந்து உள்ளே போனான்.

வெளியிலிருந்து
அவன் சேஃப்டி ஷூ மட்டும் தெரிந்தது,
ஒரு லேஸ் அவிழ்ந்தபடி.
எண்ணெயில் ஏதோ விழுந்து சீறிற்று.
பிறகு சத்தமே இல்லை.
ஒரு ஷூ மெதுவாய்
மற்றதன் மேல் ஏறிக்கொண்டது.

"கொஞ்சம் கம்மிண்ணே."

உப்பு டப்பா குலுங்கும் ஓசை.
அடுத்த துண்டு.

"இப்போ?"

வெகுநேரம் யோசித்தான், பாவி.

"இன்னும் ஒரு தரம் பார்த்தாத்தான்
சரியா சொல்ல முடியும்."

வரிசை முழுக்கச் சிரித்தது.
எனக்குப் பரலோக மந்திரத்தின்
கடைசிக்கு முந்தின வரி ஞாபகம் வந்து
வாயைப் பொத்திக்கொண்டேன்.

பாங்கு ஒலித்தபோது ஷட்டர் முழுதாய்த் திறந்தது.
கவிழ்த்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து
பேரீச்சம்பழம் ஒன்று, தண்ணீர் இரண்டு மடக்கு.
அதற்குப் பிறகுதான் முகுதூம் கரண்டியை எடுத்தார்.
அவருடைய முதல் துண்டை அவர் தின்னும் வரை
யாரும் டோக்கனை நீட்டவில்லை.
மென்றார். தலையை ஆட்டினார்.
"பய சரியாத்தான் சொல்லியிருக்கான்."

ததேயு வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான்.
"இது கணக்குல வராது," என்றான்,
யாரும் கேட்காமலே.
வடையை மேரி க்ரேஸிடம் கொடுத்துவிட்டான்.

சூடு தாங்காமல்
சிலுவைப் பாதைப் புத்தகத்தைத்தான்
காகிதத் தட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன், கவனிக்கவில்லை.
எண்ணெய் இறங்கி
மூன்றாம் நிலையின் வழியே நான்காம் நிலை தெரிந்தது.

ஒன்பது மணிக்கு எனக்கு டியூட்டி.
பஸ்ஸில், முன் சீட்டில்,
எல்லாரும் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்து
ததேயு தன் விரல்நுனியை
முகர்ந்துகொண்டிருந்தான்.